வீதிக்கு விரித்த சாக்கு

வீதியின் பெரும் எதிரி நீர். நீர் ஊறினால் அடிமண் இளகும். சக்கரம் அழுத்த, மேலே பரப்பிய கற்கள் சேற்றில் புதையும். நீரைத் தடுக்கவும், மண்ணும் கல்லும் கலக்காமல் பிரிக்கவும் துணியும் தாரும் துணையாகின்றன.

1926இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இதனைப் பரீட்சித்தனர். மண்மீது கனத்த பருத்தித் துணியை விரித்து, சூடான தாரை ஊற்றி, மணல் தூவினர். துணி நைந்துபோகும்வரை வீதியில் வெடிப்புகள் குறைவாகவே இருந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் இம்முறை பெரிதும் கைகொடுத்தது. தமு–கலேவா பாதையில் கல் கிடைப்பது அரிது. மழைக்காலத்திலும் படைக்கான பொருட்கள் லொறிகளில் போயாக வேண்டும். ஜெனரல் ஸ்லிம்மின் பொறியியலாளர்கள் மண்ணைச் சமப்படுத்தி இறுக்கினர். தாரில் தோய்த்த சணற்சாக்குத் துணியை, ஓடு வேய்வதுபோல ஓரத்தின்மேல் ஓரம் படிய விரித்தனர். 'பித்தெஸ்' என்பது அதன் பெயர். மழைநீர் வழிந்தோடியது, அடிமண் உலர்ந்தே இருந்தது. ஆனால், கிழிந்த இடத்தை உடனே ஒட்ட வேண்டும். இல்லையேல், துளைவழி இறங்கும் நீர் அவ்விடத்தைச் சேறாக்கிவிடும்.

இன்று பருத்திக்கும் சணலுக்கும் பதிலாக, எளிதில் உக்காத பொலிப்புரொப்பிலீன் துணிகள் வந்துள்ளன. தத்துவமோ பழையதுதான்: பாரத்தைத் தாங்குவது உலர்ந்த மண், அந்த மண்ணைக் காப்பதே துணியின் வேலை.