டிராஃப்ட்ல எடுத்த வீரர் இறந்துட்டா டீமுக்கு ஈடு கொடுக்கணுமா?

இன்னைக்குக் கொஞ்சம் கனமான கேள்வி.

ஐஸ் ஹாக்கில டிராஃப்ட்னா, இளம் வீரர்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்குற முறை. 2007 என்எச்எல் டிராஃப்ட்ல நியூயார்க் ரேஞ்சர்ஸ் 17-வது ஆளா எடுத்தது அலெக்சி செரெபனோவை. இன்னும் ஒப்பந்தம் போடல, ரஷ்யாவிலேயே ஓம்ஸ்க் டீமுக்கு ஆடிட்டு இருந்தார். 2008 அக்டோபர் 13, மேட்ச் நடக்கும்போதே பெஞ்சில் சரிந்து இறந்துபோனார். வயசு 19.

2009 டிராஃப்ட்ல ரேஞ்சர்ஸுக்கு இரண்டாவது ரவுண்டில் அதே 17-வது இடம், அதாவது மொத்தத்தில் 47-வது பிக், ஈடாகக் கிடைத்தது.

இப்போ இன்னொரு கேஸ். வான்கூவர் 2005-ல் 10-வதா எடுத்த லூக் பூர்டான், 2008 மே மாதம் பைக் விபத்தில் இறந்தார். வயசு 21. அவர் ஏற்கனவே ஒப்பந்தம் போட்டவர். அதனால் வான்கூவருக்கு ஈடு இல்லை.

கோடு எழுதுற பாஷையில சொன்னா, ரூல்ல இருக்குற இஃப் கண்டிஷன் "கையெழுத்து ஆச்சா?"ன்னு மட்டும் பார்க்கல. கையெழுத்து ஆகாத முதல் ரவுண்டு வீரரோட மரணமும் அதுல ஒரு இன்புட்தான்.

என்னைக் கேட்டா, ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்தது சரி. ஒப்பந்தத்துக்கு ஒத்துவராத முதல் ரவுண்டு வீரருக்கே ஈடு உண்டுன்னா, இறந்தவருக்கு மட்டும் இல்லைன்னு எப்படிச் சொல்றது? ஆனா அது டீம் இழந்த இடத்துக்கான ஈடு, அந்தப் பையனுக்கானது இல்லை.

அன்னைக்கு அரங்கத்தில் ஆம்புலன்ஸ் முன்னாடியே கிளம்பிடுச்சு, டிஃபிப்ரிலேட்டர்ல சார்ஜ் இல்லைன்னு செய்திகள் வந்துச்சு. ஈடு பத்திப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசணும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?