பொங்கல் பானையும் சிறிய பள்ளியும்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1919-ஆம் ஆண்டு ருடால்ஃப் ஸ்டைனர் முதல் வால்டார்ஃப் பள்ளியைத் தொடங்கினார். சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளி அது. வசந்தம் போன்ற பருவ விழாக்களைப் பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் கூடிக் கொண்டாடுவது இன்றும் அப்பள்ளிகளின் வழக்கம்.

இதைப் படித்ததும் பினாங்கில் நான் பயின்ற சிறிய தமிழ்ப்பள்ளி நினைவுக்கு வந்தது. நம் தீவில் வசந்தம் இல்லை, தைப்பொங்கல் உண்டு.

பள்ளிப் பொங்கலன்று விடியற்காலையிலேயே தாய்மார்கள் கோலமிடுவார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து வரும் தந்தையர் கரும்பு கட்டி, விறகு அடுக்குவார்கள். வகுப்புக்கு ஒரு பானை. எங்கள் பானை முதலில் பொங்க வேண்டுமே என்பதுதான் எங்களுக்குக் கவலை!

பெரியவர்களின் கவலை வேறு. 150 அல்லது அதற்கும் குறைவான மாணவர்கள் பயிலும் பள்ளி இந்நாட்டில் ‘குறைந்த மாணவர் பள்ளி’ எனப்படுகிறது. எங்கள் வகுப்பில் நாங்கள் ஒன்பதே பேர். ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கம் அக்கம்பக்கத்து வீடுகளையும் பொங்கலுக்கு அழைக்கும். ஒருமுறை வேடிக்கை பார்க்க வந்த அடுக்குமாடி வீட்டு அக்கா, தம் மகனைச் சேர்க்கும் விவரம் கேட்டுச் சென்றார். மறு ஆண்டு முதலாம் வகுப்பில் ஒரு பெயர் கூடியது.

பினாங்கில் தமிழ்க் கல்வி, 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதை இதுவரை காத்து வந்தவை இத்தகைய கூட்டுக் கைகளே.

நண்பர்களே, வரும் தையில் நீங்கள் படித்த பள்ளிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். விறகு அடுக்கவேனும் ஆள் தேவைப்படும்.