நாய் மூஞ்சித் தேனீ!

முதலில் இதன் மூஞ்சியைச் சொல்லிவிடுகிறேன், பொறுக்க முடியவில்லை! தேனீயின் முகத்தில் உணர்கொம்புகளுக்குக் கீழே, வாய்க்கு மேலே ஒரு தகடு உண்டு. பெரும்பாலான தேனீக்களுக்கு அது சப்பையாக இருக்கும். இந்தக் குட்டித் தேனீக்கோ அது முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. அசல் நாய் மூஞ்சி!

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதிதான் இதன் ஊர். அங்கே பெர்த் நகரத்தில் கிட் பிரெண்டர்காஸ்ட் என்ற ஆய்வாளர் தன் முனைவர் பட்டத்துக்காகக் காட்டுத் தேனீக்களைக் கணக்கெடுத்தார். வீட்டுத் தோட்டங்கள், நகரம் விழுங்கியது போக மிச்சமிருக்கும் புதர்க்காடுகள், இரண்டிலும் தேடினார். பிடித்தவற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது எதிரே வந்து நின்றது இந்த முகம். எந்த இனம் என்று தேடிப் பார்த்தார், எதனோடும் பொருந்தவில்லை. இப்படியொரு மூஞ்சியை யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் சட்டென்று சிக்கியிருக்குமே!

அடுத்த கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் பூச்சிச் சேகரிப்பைப் புரட்டுகிறார். அங்கே அதே மூஞ்சி! 1979-இலேயே யாரோ பிடித்து, ஊசி குத்தி, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் இல்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்தத் தேனீ அங்கேயே, யாராவது தன்னை எழுதட்டும் என்று கிடந்திருக்கிறது. நினைத்தாலே சிலிர்க்கிறது.

எழுதுவது என்றால் சும்மா இல்லை. ஒரு புது இனத்தை அறிவிக்க, உடம்பின் ஒவ்வொரு அங்குலத்தையும், இல்லை, ஒவ்வொரு மில்லிமீட்டரையும் வார்த்தையில் இறக்க வேண்டும். எந்த இடத்தில் ரோமம், என்ன நிறம், இறக்கை நரம்பு எங்கே வளைகிறது, மேல்தோலின் குழிகள் நெருக்கமா தள்ளித்தள்ளியா எல்லாமே எழுத்தில் வர வேண்டும். பெண் தேனீக்குத் தனி விவரம், ஆணுக்குத் தனி விவரம். ஆணின் இனப்பெருக்க உறுப்பையும் ஆராய்வார்கள். இனங்களைப் பிரித்துக் காட்டுவதில் அது பெரிய சாட்சி. டிஎன்ஏவையும் ஒப்பிடுவார்கள். கடைசியில் ஒரே ஒரு தேனீயைத் தேர்ந்தெடுத்து, "இந்தப் பெயர் இதற்குத்தான்" என்று மூல மாதிரியாக வைப்பார்கள். பின்னால் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றிடம்தான் திரும்பி வர வேண்டும். என்ன மரியாதை பாருங்கள், இத்தனை சின்ன உயிருக்கு!

பெயரா? கிட்டின் நாய்க்குப் பெயர் ஸெஃபர். படிப்பின் கஷ்டமான நாட்களில் மனசைத் தாங்கிப் பிடித்தது அந்த நாய்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். தேனீக்கும் நாய் மூஞ்சி. அப்புறம் என்ன யோசனை? லியோபுரோக்டஸ் ஸெஃபர்! 2022-இல் ஜர்னல் ஆஃப் ஹைமனாப்டெரா ரிசர்ச் ஆய்விதழில் அச்சாகி, அந்த நாயின் பெயர் அறிவியலில் நிலைத்துவிட்டது. இதைவிட அழகான நன்றிக்கடனை நான் கேள்விப்பட்டதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் இந்தத் தேனீ மகா பிடிவாதம். ஜாக்சோனியா என்ற புதர்ச்செடி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் பூக்களில்தான் மகரந்தம் சேகரிக்கும். வேறு பூ எவ்வளவு பூத்துக் குலுங்கினாலும் ஊஹும்! உலகத்தில் ஏழே இடங்களிலிருந்துதான் இது கிடைத்திருக்கிறது என்று அறிவிப்பின்போது சொன்னார்கள். கிட் கணக்கெடுத்த வீட்டுத் தோட்டங்களில் ஒன்றுகூட இல்லை. அவர் கண்ட அத்தனையும் மிச்சமிருக்கும் புதர்க்காடுகளில்தான். இந்த ஒரு தகவல் எனக்குப் போதும். வெற்று மனை என்று அளந்து போடுகிற அந்தத் துண்டு நிலங்களை விட்டால் நகரத்தில் இதற்குப் போக்கிடமே கிடையாது.

கிட் அதோடு நிற்கவில்லை. 2025-இல் இன்னொன்றை அறிவித்தார்: பெண்ணின் முகத்தில் இரண்டு குட்டிக் கொம்புகள் உள்ள தேனீ இனம்! அதன் பெயர் மெகாகைல் லூசிஃபர்.

பெர்த்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருக்கோடிப் புதர்க்காட்டில் ஜாக்சோனியா பூத்திருந்தால் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். அதை வெட்ட யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.