புறப்பாட்டின் ஒழுங்கு



கம்பளை, நாவலப்பிட்டி வழியாக மலையேறும் புகையிரதத்தில் பயணம் செய்தவர்கள், நிலையங்களில் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். தோலுறையில் இட்ட உலோக வில்லையொன்று சாரதியின் கைக்கு வந்து சேரும். அது வாராமல் வண்டி நகராது. ஒற்றைப் பாதையில் எதிரே வேறு வண்டி இல்லை என்பதற்கு அவ்வில்லையே அத்தாட்சி.

விமானிக்கோ அவ்வாறு கையில் தரத்தக்க பொருள் எதுவும் இல்லை. வானொலி வழியே வரும் சொல்லே அவருக்கு அத்தாட்சி. இதனைப் பழகுவதற்கு இன்று வீட்டிலேயே ஒரு களம் உண்டு. பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதை கண்டி மாநகரில் இல்லை. ஆயினும் பேராதனையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ கணினி முன் அமர்ந்த ஒருவர், கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பாவனை விமானமொன்றைச் செலுத்தலாம். 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வாட்சிம் என்னும் இணைய வலையமைப்பு அதற்கு வழி செய்கின்றது. அங்கே கட்டுப்பாட்டாளராக அமர்ந்திருப்பவரும் ஊதியம் பெறாத தொண்டரே.

புறப்பாட்டின் முறை யாது? வலையமைப்பில் இணையும்போது விமானம் தரிப்பிடத்தில் நிற்றல் வேண்டும். பிறர் பயன்படுத்தும் ஓடுபாதையில் திடீரெனத் தோன்றுதல் வழுவாகும். பயணத் திட்டத்தைப் பதிவு செய்தபின், முதலில் வழியனுமதி கேட்கவேண்டும். செல்லும் வழி, முதலில் ஏறவேண்டிய உயரம், நான்கு இலக்கக் குறியெண் ஆகியவை அவ்வனுமதியில் அடங்கும். அவற்றை விமானி திருப்பிச் சொல்லுதல் வேண்டும். “ரோஜர்” என்று மட்டும் விடையிறுத்தல் போதாது. கேட்டது சரியாகக் கேட்டதா என்பதை அது காட்டாது. பின்னர் தரைக்கட்டுப்பாட்டின் அனுமதியோடு நகர்ந்து, ஓடுபாதையின் விளிம்பில் காத்து நின்று, கோபுரத்தின் சொல் கிடைத்த பின்னரே மேலெழவேண்டும்.

இவை வெறும் சடங்குகள் அல்ல. 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், கனேரித் தீவுகளுள் ஒன்றான தெனெரிஃபேயில், மூடுபனியின் நடுவே இரு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் மாண்டனர். ஒரு விமானத்திற்குக் கிடைத்திருந்தது வழியனுமதி மட்டுமே. மேலெழும் அனுமதி அன்று. ஆயினும் அது ஓடத் தொடங்கியது. அந்தக் கணத்தில் கோபுரமும் மற்ற விமானமும் ஒரே வேளையில் பேசியமையால், எச்சரிக்கையாகியிருக்க வேண்டிய சொற்கள் இரைச்சலில் மங்கின. அதன்பின், மேலெழுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவ்வனுமதியை வழங்கும்போதும் மீளப் பெறும்போதும் மாத்திரமே வழங்கவேண்டும் என்பது விதியாயிற்று.

உயரத்தைக் கவனித்தல் ஏன் வேண்டும் என்பதற்கு நம் மலைநாடே சான்று. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், கட்டுநாயக்கவை நோக்கி வந்த மார்ட்டினேர் விமானம், தான் இருக்குமிடம் பிழையாகக் கணிக்கப்பட்டமையால் முன்னதாகவே தாழ்ந்து, சப்த கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தனர். கட்டுநாயக்க கடல்மட்டத்தை ஒட்டியது. அங்கிருந்து கிழக்கே கண்டியை நோக்கித் திரும்பும் விமானியை எதிர்கொள்வனவோ அந்தானையும் நக்கில்ஸும். கணினித் திரையில் மோதினால் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கலாம். பழக்கம் மட்டும் கையோடு நிலைத்துவிடும்.

ஆகவே புதிதாக இணைவோர் சில பண்புகளைக் கைக்கொள்ளவேண்டும். பேசுமுன் அலைவரிசையைக் கேளுங்கள். ஒருவருக்கு விடை வராதிருக்கையில் குறுக்கிடாதீர்கள். விளங்காததை விளங்கியதாகக் காட்டாமல், மறுபடி சொல்லுமாறு கேளுங்கள். கட்டுப்பாட்டாளர் தவறினால் அலைவரிசையில் வாதாடாதீர்கள். அவரும் பயிலுநராக இருக்கக்கூடும். கட்டுப்பாட்டாளர் எவரும் இல்லாத வேளையில், அதற்கென வழங்கும் 122.8 என்னும் பொது அலைவரிசையில் உங்கள் நோக்கத்தை அறிவித்து நகருங்கள்.

பிறர் சொல்லைப் பொறுமையாய்க் கேட்பது நாகரிகம் என்கிறோம். விமானிக்கு அதுவே உயிர்காப்பும் ஆகும்.