தறிக்காரர் வீட்டுக் கார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட் வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் தில்லித் தமிழர்களில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம் என்று ஒரு காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழை இலை, அப்பளம், நல்லெண்ணெய், அசைவக்காரர்களுக்கு மீன் என்று ஊர் வாசனை வேண்டியவர்கள் எல்லோரும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். பை நிறைய வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர் எதில் ஏறிப் போகிறார் என்று கவனித்தால் அது ஒரு தனிச் சரித்திரம். எழுபதுகளில் டி.டி.சி. பஸ், அல்லது சைக்கிள். பிறகு ஸ்கூட்டர்: முன்னால் நிற்கும் பையன், பின்னால் மனைவி, அவர் மடியில் குழந்தை, காலடியில் தேங்காய்ப் பை. எண்பதுகளின் நடுவில் ஸ்கூட்டர்களுக்கு இடையே தீப்பெட்டி போல ஒரு சின்னக் கார் வந்து நின்றது. அதுதான் மாருதி 800.

காரென்றால் அதுவரை நமக்கு அம்பாஸடர், ஃபியட் இரண்டுதான். சென்னைக்காரர்கள் ஸ்டாண்டர்டையும் சேர்த்துக்கொள்வார்கள். நாடு முழுவதற்குமே ஆண்டுக்கு நாற்பதாயிரத்தைச் சுற்றித்தான் கார் உற்பத்தி. ஆபீஸர் வீட்டு வாசலிலும் டாக்டர் வீட்டு வாசலிலும் நிற்கிற பொருள் அது. குமாஸ்தாவுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியது ஜப்பானில் தறி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பம் என்றால் பலர் நம்புவதில்லை.

விமான நிலையத்துக்கு எதிரே

கதையின் முதல் பாதி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் சஃப்தர்ஜங் விமான நிலையம். 1980 ஜூன் 23-ஆம் தேதி காலை அங்கிருந்து சிறு விமானத்தில் கிளம்பிய சஞ்சய் காந்தி சில நிமிஷங்களில் விபத்தில் இறந்தார். ‘மக்கள் கார்’ செய்வதாக 1971-இல் அவர் தொடங்கியதுதான் மாருதி. குர்கானில் நிலம் வாங்கினார்கள், ஷெட் போட்டார்கள். கார் மட்டும் சந்தைக்கு வரவில்லை. 1978-இல் கோர்ட் உத்தரவுப்படி கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் மறைந்த பின் சர்க்கார் அந்தச் சொத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கிற்று.

அதை நடத்த வந்தவர் நம்மவர், வி. கிருஷ்ணமூர்த்தி. பழைய தஞ்சை ஜில்லாவில் கருவேலி என்ற சிற்றூரில் 1925-இல் பிறந்தவர். பி.எச்.இ.எல். நிறுவனத்தின் தலைவராக இருந்து பெயர் எடுத்தவர். பிற்பாடு ஸெயில் உருக்கு நிறுவனத்தையும் நிமிர்த்தினார். 2022-இல் சென்னையில் காலமானார். தலைநகரில் தமிழன் பைல் புரட்டத்தான் லாயக்கு என்று கேலி பேசுகிறவர்களிடம் சொல்ல நமக்கு ஒரு பெயர் அது. அவரோடு மாருதிக்கு வந்த இன்னொருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஆர்.சி. பார்கவா.

கார் செய்யத் தெரிந்த கூட்டாளி வேண்டுமே! ஐரோப்பா, ஜப்பான் என்று பல வாசல் ஏறி இறங்கினார்கள். இந்தியாவில் பணம் போட யாருக்கும் தைரியம் இல்லை. துணிந்து வந்தது ஜப்பானியக் கார் கம்பெனிகளிலேயே சிறியவற்றுள் ஒன்றான சுஸுகி. 1982 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவர்களுக்கு நூற்றுக்கு 26 பங்கு, மீதி நம் சர்க்காருக்கு.

அம்மாவுக்குச் செய்த தறி

யார் இந்த சுஸுகி? ஹமாமட்சு என்ற ஊரின் பக்கத்தில் 1887-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மிச்சியோ சுஸுகி. தச்சு வேலை கற்றவர். நெசவு செய்துவந்த தம் தாயாரின் கஷ்டத்தைப் பார்த்து, காலால் மிதித்து இயக்கும் தறி ஒன்றை அவருக்குச் செய்துகொடுத்தார். அக்கம்பக்கத்தார் தங்களுக்கும் கேட்டார்கள். 1909-இல் தறிப் பட்டறை வைத்தார். கட்டம் போட்ட சாரோங் துணி நெய்யும் தறி அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. சாரோங் என்றால் வேறொன்றுமில்லை, நம் கைலிதான். தென்கிழக்காசிய நாடுகளுக்கு அந்தத் தறிகள் கப்பல் ஏறின.

யுத்தத்துக்குப் பிறகு பருத்தி வியாபாரம் படுத்தது, தறி விற்கவில்லை. 1952-இல் சைக்கிளில் பொருத்தும் சின்ன மோட்டார் ஒன்றைச் செய்து பிழைத்துக்கொண்டார்கள். 1955-இல் 360 சி.சி. எஞ்சினுடன் சுஸுலைட் என்ற குட்டிக் கார். சிறியதாக, மலிவாக, பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாகச் செய்வதே அன்று முதல் அவர்கள் தொழில்.

இங்கே சுவையான செய்தி ஒன்று உண்டு. மிச்சியோவுக்குப் பின் தலைமைக்கு வந்த ஷுன்ஸோ அவருடைய மருமகன். 1978-இல் தலைவரான ஒஸாமுவோ ஷுன்ஸோவின் மருமகன். பெண் எடுத்த வீட்டின் குடும்பப் பெயரையே மாப்பிள்ளை ஏற்றுக்கொள்ளும் வழக்கமும் அங்கே உண்டு. வீட்டோடு மாப்பிள்ளை என்று நம் ஊரில் ஏளனமாகப் பேசுவார்கள். அங்கே கம்பெனியையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒஸாமு அதற்கு முன் ஒரு வங்கியில் கடன் கொடுக்கும் பிரிவில் உத்தியோகம் பார்த்தவர். ஏதாவது ஒரு நாட்டிலாவது முதல் இடத்தில் இருக்கவேண்டும் என்ற ஆசையில்தான் இந்தியாவுக்கு வந்ததாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 2024 டிசம்பர் 25-இல் தம் 94-ஆம் வயதில் காலமானார். மறு மாதம் நம் சர்க்கார் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது.

அதே சமயத்தில் சுஸுகி நம் ஊருக்கும் வந்தது. ஓசூரில் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து 1984-இல் இந்த்-சுஸுகி மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தவர்களும் இவர்களே. 2001-இல் அந்தக் கூட்டு பிரிந்தது.

பத்தாயிரம் ரூபாய்

1983-இல் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிப் பதிவு செய்யலாம் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 1,35,000 பேர் கட்டினார்கள். யாருக்கு முதலில் என்பதற்குக் குலுக்கல். அந்த ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி, சஞ்சய் பிறந்த நாளன்று, முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். வீடு ஐ.என்.ஏ.யிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் க்ரீன் பார்க். கார் விலை ரூ. 47,500. டி.ஐ.ஏ. 6479 என்ற அந்த வண்டியை 2010-இல் இறக்கும் வரை அவர் விற்கவில்லை. பிறகு அது வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. கம்பெனிக்காரர்கள் அதைப் புதுப்பித்துத் தங்கள் தலைமை அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள்.

பணம் கட்டிய மற்றவர்களில் எங்கள் லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்புப் பெரியவர் ஒருவரும் உண்டு. குறிஞ்சிப்பாடிப் பக்கம் கைலி நெசவுக் குடும்பம். தில்லியில் ஒரு சர்க்கார் காரியாலயத்தில் கண்காணிப்பாளர். மனைவியும் வேலை பார்த்தார். வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்துப் பத்தாயிரம் கட்டினார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

1986-இல் அவர் முறை வந்தபோது ஊரிலிருந்து அண்ணன் கடிதம் எழுதியிருந்தார். விசைத்தறிக்காரர்களோடு போட்டி போட முடியவில்லை, நாமும் இரண்டு விசைத்தறி போட்டால்தான் பிழைக்கலாம், ஏதாவது அனுப்பு என்று. அந்தச் சமயத்தில் மாருதிப் பதிவுச் சீட்டுக்கே சந்தையில் கிராக்கி. மேல் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் தயாராக வீட்டுக் கதவைத் தட்டிற்று. சீட்டை விற்றிருந்தால் அண்ணனுக்கு உதவியிருக்கலாம்.

அவர் விற்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் மேலும் கடன் வாங்கி வெள்ளை நிறக் கார் எடுத்தார். “பத்து வருஷம் இரண்டு பிள்ளைகளையும் ஸ்கூட்டரில் நிற்க வைத்து, ஜனவரிப் பனியில் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டேன் சார். யாருக்கு உதவி செய்தாலும் அந்தக் குளிர் எனக்குப் போகாது” என்று என்னிடம் சொன்னார். சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அண்ணன் இரண்டு வருஷம் கடிதம் போடவில்லை.

1988 குளிர்காலத்தில் ஏதோ வைத்தியத்துக்காக அண்ணன் தில்லி வந்தார். தம்பி காரோடு ஸ்டேஷனுக்குப் போனார். அண்ணன் கதவைத் தட்டிப் பார்த்து, “என்னடா, தகர டப்பா மாதிரி இருக்கு” என்றார். மலை மந்திர் தரிசனம் முடிந்து, ஐ.என்.ஏ.யில் காய்கறி வாங்கித் திரும்பும்போது சுஸுகியின் பூர்விகத்தைத் தம்பி சொன்னாராம். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “தறிக்காரன் ஜப்பானில் கார் செய்கிறான். நம்ம ஊரில் தறியை விறகுக்குப் போடுகிறான்” என்றாராம்.

தகர டப்பா என்று சொன்னவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அம்பாஸடர் ஒரு டன்னுக்கு மேல் கனம். இது அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். மூன்று சிலிண்டர், 796 சி.சி. லாரி பக்கத்தில் போனாலே ஆடும். ஆனால் பனிக்காலக் காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். அம்பாஸடர்காரர்கள் நாலு பேரை அழைத்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது நம்மவர் கையசைத்துவிட்டுப் போவார். பெண்கள் பலர் ஓட்டக் கற்றதும் இதில்தான். கிளட்ச் மிருதுவாக இருக்கும்.

நானும் 1994-இல் பழைய மாருதி ஒன்று வாங்கினேன். முதல் ஞாயிறே ஐ.என்.ஏ.யில் மீன் வாங்கிப் பின்பக்கம் வைத்தேன். ஐஸ் உருகி விரிப்புக்கு அடியில் இறங்கிவிட்டது. மே மாதம். பத்து நாள் ஆபீஸ் நண்பர்கள் யாரும் லிப்ட் கேட்கவில்லை. பினாயில், எலுமிச்சை, காப்பித் தூள் எல்லாம் போட்டுப் பார்த்துக் கடைசியில் விரிப்பையே பிய்த்து எறிந்தேன். ஒரு பணிமனையில் பிரேக் கட்டை மாற்றியதாகப் பில் போட்டு, பழையதையே துடைத்து மாட்டி அனுப்பினார்கள். பிறகு கஷ்மீரி கேட்டில் நானே உதிரிபாகம் வாங்கிவந்து, தெருவோர சர்தார்ஜியிடம் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாருதிக்காரர்களில் பலர் இப்படிப் பாதி மெக்கானிக் ஆனார்கள்.

கை மாறிய கம்பெனி

காருக்கு மட்டுமல்ல, கம்பெனிக்கும் சொந்தக்காரர் மாறினார். சுஸுகியின் பங்கு 1992-இல் பாதியாயிற்று. 1997-இல் நிர்வாக இயக்குநரை யார் நியமிப்பது என்று சர்க்காருக்கும் ஜப்பானியருக்கும் பெரிய சண்டை மூண்டு, மறு வருஷம் சமாதானமாயிற்று. 2002-இல் நிர்வாகம் சுஸுகி கைக்குப் போனது. 2007-இல் சர்க்கார் மிச்சப் பங்கையும் விற்றுவிட்டது.

அதிகாரியும் தொழிலாளியும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன் என்பதைத் தொடக்கத்தில் எல்லோரும் அதிசயமாகப் பேசினார்கள். எங்கள் காரியாலயங்களில் ஆபீஸருக்குத் தனி டம்ளர் இருந்த காலம் அது. ஆனால் சீருடை ஒன்றானால் மனஸ்தாபம் தீர்ந்துவிடாது. மானேசர் ஆலையில் 2011-இல் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் நிரந்தரத் தொழிலாளருக்கும் இடையே இருந்த சம்பள வித்தியாசம் முக்கியமான குறை. 2012 ஜூலை 18-இல் நடந்த கலவரத்தில் மனிதவளப் பிரிவு மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். சுமார் 150 தொழிலாளர்கள் சிறை சென்றார்கள். 2017-இல் தீர்ப்பு வந்தபோது 13 பேருக்கு ஆயுள் தண்டனை. 117 பேர் நிரபராதிகள் என்று விடுதலை. அந்த 117 பேரில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள். காரைப் புகழும்போது இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

புதிய புகை விதிகளால் 2010 ஏப்ரலில் தில்லி, சென்னை உள்பட 13 நகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றது. 2014 ஜனவரி 18-இல் உற்பத்தியே முடிந்தது. இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி.

அதே ஆண்டு நவம்பரில் 15 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் தில்லிச் சாலையில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பெரியவரின் காருக்கு அப்போது வயது 28. பழைய இரும்புக்காரன் வந்து விலை சொன்னான். அவர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து அண்ணன் மகனுக்குப் போன் செய்தார். அண்ணன் அப்போது இல்லை. தடையில்லாச் சான்று வாங்க நாலு தடவை அலைந்தார். கார் லாரி ஏறிக் குறிஞ்சிப்பாடி போய்ச் சேர்ந்தது.

பெரியவர் பிறகு மெட்ரோவில்தான் ஐ.என்.ஏ. வந்துகொண்டிருந்தார். ஸ்டேஷன் மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பதால் சௌகரியம். ஒரு நாள் வாழைக்காய்க் கடையில் பார்த்தபோது கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அண்ணன் மகன் பின் இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு நூல் கட்டு ஏற்றுகிறானாம்.

“ஓட்டட்டும் சார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இருக்கைக்கு உறை தைக்கவே நான் எண்ணூறு ரூபாய் கொடுத்தேன்” என்றார் பெரியவர், கோபத்தோடு.