நீச்சல் குளத்து நீரும் திரவக் குளோரினும்

குளத்து நீரில் சேர்க்கப்படும் குளோரின் இரண்டு வடிவங்களில் நிற்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். மற்றொன்று ஹைப்போகுளோரைட் அயனி. கிருமிகளைக் கொல்லும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அமிலமே. அயனியின் வேகம் அதைவிடப் பல மடங்கு குறைவு. எது எவ்வளவு இருக்கும் என்பதை நீரின் பிஎச் தீர்மானிக்கிறது. வேறெதுவும் கலக்காத நீரில் பிஎச் 7.5 ஆக இருந்தால் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. 7-க்கு இறங்கினால் அமிலம் முக்கால் பங்காகும்; 8-க்கு ஏறினால் கால் பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே குளோரினை மட்டும் அளந்துவிட்டுப் பிஎச்சைக் கவனிக்காமல் விடுவது பாதி வேலைதான். 7.2 முதல் 7.8 வரை பொருத்தமான அளவு. அதற்குக் கீழே போனால் உலோகக் குழாய்களும் ஓடுகளுக்கு இடைப்பட்ட சிமென்ட் பூச்சும் அரிக்கும்; மேலே போனால் நீர் கலங்கும், சுண்ணாம்பு படியும்.

குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களே அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம். இவ்வாறு கட்டுண்ட குளோரின் கிருமியைக் கொல்வதில் மிகவும் மந்தமானது. அதன் அளவைப்போல் பத்து மடங்கு குளோரினை ஒரே தவணையில் சேர்த்துச் சிதைப்பதே பரிகாரம். குளத்தில் இறங்கும் முன் ஒவ்வொருவரும் உடலைக் கழுவிக்கொண்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும்.

அடுத்த எதிரி வெயில். திறந்தவெளிக் குளத்தில் புற ஊதாக் கதிர்கள் குளோரினைச் சிதைத்துவிடும். உச்சி வெயிலில் ஓரிரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். இதைத் தடுக்கச் சேர்க்கப்படுவது சயனூரிக் அமிலம். குளம் பராமரிப்பவர்கள் இதை ஸ்டெபிலைசர் என்பார்கள். இது குளோரினைப் பிடித்துவைத்து வெயிலிலிருந்து காக்கிறது. ஆனால் பிடித்துவைத்த குளோரின் கிருமியோடும் மெதுவாகவே மோதும். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் நன்மை. 100-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் பாசி பிடிக்கிற நிலை வரும். ஸ்டெபிலைசர் அளவில் ஏறத்தாழ 7.5 சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும் என்பது பராமரிப்பாளர்கள் பலர் பின்பற்றும் கணக்கு.

குளோரின் மாத்திரைகளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சந்தையில் டிசிசிஏ என்று விற்கப்படும் டிரைகுளோர் மாத்திரை குளோரினையும் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்தே சுமக்கிறது. அது லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் தரும்போது சுமார் 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச்செல்கிறது. நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் குளோரின் தேவைப்படும் குளத்தில் 30 நாளில் சேர்வது 36 மில்லிகிராம். குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் அமிலம் செலவாகாது. வடிகட்டியைக் கழுவும்போதும் நீர் தெறிக்கும்போதும் வெளியேறுவது தவிர மற்றதெல்லாம் அங்கேயே தங்கும். கால்சியம் ஹைப்போகுளோரைட் பொடியில் சயனூரிக் அமிலம் இல்லை. ஆனால் அது கடினத்தன்மையைக் கூட்டுகிறது. சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளைப்போல ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரி நீரையும் நம்பிய குளங்களில் கடினத்தன்மை பெரும்பாலும் ஏற்கெனவே மிகுதி. அங்கே இந்தப் பொடியைப் போடுவது சுண்ணாம்புப் படிவை விலைகொடுத்து வாங்குவதாகும்.

திரவக் குளோரின் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். பேச்சு வழக்கில் ஹைப்போ. 10 முதல் 12 சதவீதச் செறிவில் கேன்களில் கிடைக்கிறது. வேலை முடிந்ததும் இது மிச்சம் வைப்பது சாதாரண உப்பு மட்டுமே. 2020 ஆகஸ்டில் லாரா சூறாவளியை அடுத்து அமெரிக்காவின் லூசியானா மாநிலம் வெஸ்ட்லேக்கில் டிரைகுளோர் தயாரித்த ஆலை ஒன்று தீப்பிடித்தது. மறு ஆண்டு அந்நாட்டில் மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. திரவத்துக்கு மாறுவது பற்றி வீட்டுக் குளம் வைத்திருந்தவர்கள் பலர் யோசிக்கத் தொடங்கினார்கள்.

அளவுக் கணக்கு எளிது. 50,000 லிட்டர் குளத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 50 கிராம் குளோரின் தேவை. 10 சதவீதக் கரைசல் அரை லிட்டர் போதும். மாலையில், பம்ப் ஓடும்போது, நீர் குளத்துக்குத் திரும்பும் வாயருகே மெதுவாக ஊற்ற வேண்டும்.

ஆனால் மாற்றத்துக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சயனூரிக் அமிலத்தை அளப்பது. அது குவிந்திருந்தால் நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புது நீர் நிரப்புவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. பாதி மாற்றினால் அளவு பாதியாகும். பழக்கமும் மாற வேண்டும். மாத்திரை நீரை அமிலமாக்கியதால் சமையல் சோடா போட்டுப் பழகியவர்கள் இனி அதை நிறுத்தலாம். ஹைப்போ ஊற்றியதும் பிஎச் சற்று ஏறினாலும் குளோரின் செலவாகும்போது திரும்ப இறங்கிவிடும். நாளடைவில் வரும் ஏற்றத்துக்குப் பெரும்பாலும் நீரிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதே காரணம். சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைச் சரிசெய்யும். காரத்தன்மை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், கடினத்தன்மை 200 முதல் 400 மில்லிகிராம் வரையும் இருந்தால் போதும்.

சோதனையிலும் கவனம் வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஆர்த்தோடோலிடின் சொட்டு மருந்து கட்டுண்ட குளோரினையும் சேர்த்தே காட்டும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி சோதனை தனித்த குளோரினைப் பிரித்துக் காட்டுவதால் அதுவே மேல்; ஆனால் குளோரின் மிக அதிகமானால் அதன் நிறம் வெளுத்துப்போய், குளோரினே இல்லாததுபோல் ஏமாற்றும்.

ஹைப்போவின் பெரிய குறை, அது கேனிலேயே வலுவிழப்பது. வெப்பமும் வெளிச்சமும் அதை வேகப்படுத்தும்; செறிவு கூடக் கூடச் சிதைவும் கூடும். கோடையில் மாதக்கணக்கில் சேமித்தால் ஊற்றுவது பாதி தண்ணீராக இருக்கக்கூடும். இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மேல் வாங்காமல், நிழலில் வைப்பதே சரி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாதுகாப்பு. ஹைப்போவும் அமிலமும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு உடனே கிளம்பும். மாத்திரைத் துண்டுகள் கிடக்கும் கூடையிலோ மிதவையிலோ ஹைப்போ ஊற்றினால் வாயு மட்டுமல்ல, வெடிப்பும் நேரலாம். ஹைப்போவுக்கும் அமிலத்துக்கும் தனித்தனிக் குவளை, தனித்தனி இடம். ஒன்றை ஊற்றி நீர் நன்கு சுழன்ற பின்பே மற்றது. குளத்தைப் பராமரிக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்பது குடியிருப்புச் சங்கங்களின் கடமை.