சைக்கிளில் இரண்டு மலைப் பூங்காக்கள்

இமாசலப் பிரதேசத்தில் சைக்கிளில் சுற்றிவிட்டுத் திரும்பியது முதல், விடுதியில் எங்களைக் காண்போர் எல்லோரும் கேட்பது, "கால் வலிக்கவில்லையா?" என்பதுதான். வலித்தது. ஆனால் மலையில் சைக்கிள் விடுகிறவனைக் கால் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை, தலைதான் ஏமாற்றும். அடுத்த ஆண்டு போக எண்ணும் சங்க அன்பர்கள் சிலர் எழுதித் தரும்படி கேட்டதால், சென்ற வழியையும் அதில் நாங்கள் செய்த பிழையையும் இங்கே சொல்லுகிறேன்.

இமாசலத்தில் இரண்டு தேசியப் பூங்காக்கள் முதுகோடு முதுகு ஒட்டி இருக்கின்றன. மேற்கே குல்லு மாவட்டத்தில் இருப்பது பெரிய இமாலய தேசியப் பூங்கா. அது 1999-இல் முறைப்படி பூங்காவாகி, 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. கிழக்கே ஸ்பிதியில் 1987-இல் ஏற்பட்ட பின் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா. ('பின்' என்பது ஓர் ஆற்றின் பெயர், முன் பின் என்னும் பின் அன்று.) பருவ மழை மேகங்கள் மேற்குச் சரிவிலேயே பொழிந்து தீர்ந்துவிடுவதால் அந்தப் பக்கம் தேவதாருக் காடு, இந்தப் பக்கம் புல்லும் அரிதான பாலை. இடையிலுள்ள பின்-பார்வதி கணவாயின் உயரம் 5,319 மீட்டர். கால்நடையாகத்தான் அதைக் கடக்கலாம். சைக்கிளோடு போகிறவன் மலையைச் சுற்றித்தான் வரவேண்டும். அந்தச் சுற்று ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எங்களுக்குப் பதினாறு நாள் பிடித்தது.

செப்டம்பர் நடுவில் புறப்பட்டோம். ஜூலை, ஆகஸ்டில் இந்த வழியில் போகவே கூடாது. கின்னௌரில் நிகுல்சாரி என்னும் இடத்தில் 2021 ஆகஸ்டில் மலை சரிந்து ஒரு பேருந்தையும் வேறு வண்டிகளையும் மூடி, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த இடத்தை நாங்கள் பேசாமல் கடந்தோம்.

நால்வரில் இருவர் மதுரை, நான் நெல்லை, ஒருவர் லக்னோ. மணாலிச் சாலையில் ஔட் என்னும் ஊரில் பேருந்தை விட்டு இறங்கி, பஞ்சார் வழியாகத் தீர்த்தன் ஆற்றங்கரையிலுள்ள குஷைனியை அடைந்தோம். பெரிய பூங்காவுக்குள் சாலை கிடையாது. அனுமதிச் சீட்டு வாங்கி, சைக்கிள்களைத் தங்கிய வீட்டில் விட்டுவிட்டு ரோல்லா வரை நடந்தோம். மேற்கத்திய டிராகோபான் என்னும் வண்ணக் கோழிக்குப் பேர் போன காடு அது. நாங்கள் கண்டது குரங்குதான்.

பிறகு ஜலோரி கணவாய், 3,120 மீட்டர். கடைசி ஐந்து கிலோமீட்டரில் ஏறியதைவிடத் தள்ளியதே அதிகம். சைக்கிளின் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இல்லாதவர்கள் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். இறக்கம் அதைவிடப் பொல்லாதது. பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடித்துவிடும். சற்று அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். அவ்வப்போது நின்று ரிம்மை ஆறவிட வேண்டும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஸ்பிதிக்கு மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக இன்னொரு சாலை உண்டு. தூரம் குறைவு. ஆனால் ஏறத்தாழ 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியை விட்டுப் புறப்பட்டால் இரண்டு மூன்று நாளில் 4,500 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 3,600 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் கூறும் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவில் எங்கே உறங்கினோம் என்பதே பெரிது. இதற்காகவே சட்லெஜ் ஆற்றோரம் மெல்ல ஏறும் நீண்ட வழியைத் தேர்ந்தோம்.

தேர்ந்தும் நாக்கோவில் தவறினோம். ஸ்பில்லோவில் ஆற்றோரம் உறங்கி எழுந்து, காப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலப்பதைப் பார்த்துவிட்டு, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் மாலை நாக்கோ சேர்ந்தோம். ஒரே பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டோம். ஏரியும் பழைய மண்வீடுகளும் அழகாயிருக்கவே அங்கேயே தங்கினோம். நாக்கோவைத் தாண்டி, சுமார் 600 மீட்டர் தாழ்விலுள்ள சாங்கோவுக்கு இறங்கிப் படுத்திருக்க வேண்டும்.

நோய் யாரைப் பிடித்தது தெரியுமா? எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைத்து வந்த என்னை அன்று. ஹாக்கி ஆட்டக்காரரான மதுரை நண்பரை! தேகபலத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. வலுவுள்ளவன் வேகமாக ஏறிவிடுவதால் அவனுக்கு ஆபத்து அதிகம் என்றுகூடச் சொல்லலாம். மத்தியானமே அவருக்குத் தலை வலித்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. இரவு சாப்பிடாமல் படுத்தார். கேட்டதற்கு ராஜ்மாவின்மேல் பழி போட்டார். விடியற்காலையில் வாந்தி. லக்னோ நண்பர் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை முன்பாதத்தோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துக்கொண்டது என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டும் உயிருக்கு உலை வைப்பவை. ஒரு கணமும் தாமதிக்காமல் கீழே இறக்கி மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். நண்பர் கோணாமல் நடந்தார். இருந்தும் அவரைச் சைக்கிளில் விடவில்லை. ஜீப் ஒன்றைப் பிடித்து, அவரோடு ஒருவரையும் ஏற்றிச் சாங்கோவுக்கு அனுப்பினோம். சாயங்காலம் சோறு எங்கே என்று கேட்டார். மாத்திரைகள் உண்டு, புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்க. ஆனால் கீழிறங்குவதற்கு ஈடான மருந்து வேறில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் கேட்டபோது, "என்னால் உங்கள் பயணம் கெடக் கூடாது என்று பார்த்தேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அந்த இடத்தில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆகவே அன்று முதல் ஓர் ஏற்பாடு செய்தோம். ராச் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரும் தலைவலி உண்டா, பசி உண்டா, உறக்கம் எப்படி என்று சொல்லியாக வேண்டும். யாரேனும் ஒருவர் 'வலி' என்றால் மறுநாள் ஏற்றம் இல்லை. சாலையில் எல்லோரிலும் மெதுவாக மிதிப்பவர் முன்னே போவார். அந்தப் பதவி எனக்கே கிடைத்தது.

சாங்கோவில் ஒரு நாள் ஓய்வு. பிறகு தாபோ, அங்கே 996-இல் கட்டிய பௌத்த மடத்தின் மண்சுவர்களில் இன்னும் ஓவியங்கள் இருக்கின்றன. அட்டர்கோ பாலத்தில் திரும்பிப் பின் பள்ளத்தாக்கில் நுழைந்து, வழியில் ஒரு கிராமத்தில் தங்கி, மறுநாள் முத் சேர்ந்தோம். உயரம் ஏறத்தாழ 3,800 மீட்டர். பூங்காவின் பனிச்சிறுத்தையைப் பார்க்கும் பாக்கியம் எங்களுக்கு இல்லை. எதிர்ச் சரிவில் சில மலையாடுகள் மேய்ந்தன. சாலை அந்தக் கிராமத்தோடு சரி. அதற்கப்பால் பின்-பார்வதிக் கணவாய்க்குப் போகும் ஒற்றையடிப் பாதைதான்.

அங்கிருந்து காசாவுக்கு வந்து, சைக்கிள்களைப் பேருந்தின் கூரையில் கட்டித் திரும்பினோம். வழியில் நாக்கோவில் பேருந்து தேநீருக்கு நின்றது. மதுரை நண்பர் மட்டும் இறங்கவில்லை.